எட்டாத இடம்

கூண்டின் அடித்தட்டில் விரித்திருந்த நாளிதழில் எச்சம் இருந்தது, விதைத் தோல் இருந்தது. ஓர் இறகுகூட இல்லை. யூனிஸ் முதலில் கவனித்தது அதைத்தான். சாலமோன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் குங்குமச் சிவப்பு. ஒரே வாரத்தில் அதன் மார்பும் முதுகும் உரித்த கோழி போல ஆகியிருந்தன. அத்தனை இறகும் எங்காவது விழுந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலும், பீரோவுக்குப் பின்னாலும், குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையிலும் தேடிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

சேலையூரில் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் லாசரஸ் பதறவில்லை.

"தனிமை மேடம். பகல் பூரா கூடத்துல தனியாக் கிடக்குது. போரடிச்சா நாம நகம் கடிப்போம், இது இறகைப் பிடுங்குது." சாலமோனின் தலையை ஒரு விரலால் நிமிர்த்திக் காட்டினார். "தலையில ஒண்ணுகூடப் போகல பாருங்க. இந்த அலகு மார்புக்குப் போகும், முதுகுக்குப் போகும், வாலுக்கும் போகும். தன் தலைக்கு மட்டும் எட்டாது. உடம்பு மொட்டையா இருந்து தலை முழுசா இருந்தா, தானே பிடுங்கிக்குதுன்னு அர்த்தம். ஆள் இருக்கிற ரூம்ல வைங்க, சரியாயிடும்."

யூனிஸ் உயிரியல் ஆசிரியை. காரணம் தெரிந்துவிட்டால் எதுவும் அவளைப் பயமுறுத்தாது. மாடம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பியதும் கூடத்திலிருந்த கூண்டை மகள் ஜெனியின் அறைக்கு மாற்றினாள். ஜெனிக்கு எட்டு வயது. பரீட்சை நேரம், அரை நாள்தான் பள்ளி. மதியம் கீழ்வீட்டுப் பரிதா அக்கா சோறு போட்டு, மாடியில் விட்டுவிட்டுப் போவாள். யூனிஸ் வரும் நாலு மணி வரை ஜெனி தூங்குவாள். கிளிக்கும் துணை, பிள்ளைக்கும் துணை.

கூண்டை எட்டிப் பார்த்த பரிதா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னம்மா, உன் கிளி குளிச்சிட்டு சட்டை போட மறந்துடுச்சா?"

"யாரோ திருடிட்டாங்கக்கா" என்று யூனிஸ் சிரித்தாள்.

இந்த வகைக் கிளி கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பித் தரும். பேசியவரின் குரலோடும் மூச்சோடும் தரும். தண்ணீர் லாரி பின்வாங்கும்போது வரும் பீப் ஒலி, குக்கர் விசில், சிங்கப்பெருமாள் கோவில் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அவள் கணவன் ஜெபசீலன் இருமும் இருமல் எல்லாம் சாலமோனிடம் இருந்தன. புதன்கிழமை மாலை, அடுப்பில் தோசை ஓரம் சிவந்துகொண்டிருந்தபோது, ஜெனியின் அறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அசையாம இரு கண்ணு. இன்னும் கொஞ்சம்தான்."

யூனிஸ் ஓடிப் போய்ப் பார்த்தாள். சாலமோன் மட்டும்தான் இருந்தது. தலை பின்னும்போது ஜெனியிடம் அவளே சொல்லும் வார்த்தைகள்தான். ஆனால் அவள் ஜெனியைப் பாப்பா என்பாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. பரிதா அக்காவுக்குக் கட்டைக் குரல். இது மெலிந்த, அவசரமே இல்லாத குரல். வேலையில் கவனமாக இருப்பவர்கள் வாய்க்குள் பேசுவது போன்ற குரல்.

வியாழன் காலை, சாலமோனின் தலை மொட்டையாக இருந்தது.

யூனிஸ் டாக்டருக்குப் போன் செய்தாள். "இன்னொரு கிளி சேர்த்தீங்களா?"

"இல்ல சார்."

"தோல்ல தடிப்பு, புண்ணு?"

"எதுவும் இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப யாரோ பிடுங்குறாங்க மேடம். குழந்தைகிட்ட கேளுங்க."

கேட்டாள். ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இல்லம்மா. சத்தியமா."

"பின்ன யாரு?"

"அசையக் கூடாதும்மா."

யூனிஸ் ஸ்கேலால் அவள் கையில் ஓர் அடி போட்டாள். அடித்த பிறகு நெஞ்சுக்குள் பரவியது நிம்மதிதான். பிள்ளைதான் செய்திருக்கிறாள். காரணம் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வானம் இருண்டு கிடந்தது. கரண்ட் இல்லை. அறையில் ஈரத் துணி வாடையோடு, கோழிக்கடையில் வெந்நீரில் முக்கிய இறகின் வாடையும் மெலிதாகக் கலந்திருந்தது. ஜெனி தூங்கவில்லை. யூனிபார்மோடு கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முதுகு அரிக்குதும்மா. எனக்கு எட்டல."

"வேர்க்குருவா இருக்கும். காட்டு பாப்பா." யூனிஸ் அவள் பின்னால் உட்கார்ந்து முதல் பொத்தானைக் கழற்றினாள்.

"அசையாம இரு கண்ணு."

கூண்டுப் பக்கமிருந்து அதே மெலிந்த குரல். ஜெனியின் உடம்பு சட்டென்று விறைத்தது. கைகள் முழங்கால்மேல் போய் அமர்ந்தன. மூச்சையும் அடக்கிக்கொண்டாள். பழகிப்போனவள் போல.

இரண்டாவது பொத்தான். மூன்றாவது.

தோள்பட்டைகளுக்கு நடுவே சாம்பல் இறகுகள். ஓடு வேய்ந்தது போல, ஒன்றின்மேல் ஒன்று, வரிசை பிசகாமல், முதுகெலும்பின் வழியே கீழே இறங்கின. ஒட்டியவையாக இருக்கும். பிள்ளை விளையாட்டு. கோந்து. யூனிஸ் ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

"வலிக்குதும்மா."

உதிர்ந்த இறகின் தண்டு காய்ந்து, உள்ளே காலியாக இருக்கும். வளரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அதை அவளே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். விரல்களுக்கு இடையே இருந்த தண்டு சூடாக இருந்தது. துடித்தது. அடியில் ஒரு சொட்டுச் சிவப்பு எழும்பி நின்றது.

இடுப்புக்கு மேலே, வரிசை முடியும் இடத்தில், விசிறி போலச் சிவப்பு இறகுகள். நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. அங்கே ஊசி நுழைந்தது போல ஒரு துளை. ஈரமாக.

யூனிஸ் திரும்பினாள்.

கூண்டின் கொக்கி போட்டபடி இருந்தது. சாலமோன் ரோஜா நிறத் தோலோடு கம்பியில் உட்கார்ந்திருந்தது. வாலில் ஒரே ஓர் இறகு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு."

சாலமோனின் அலகு மூடியிருந்தது.

யூனிஸ் ஜெனியை இழுத்து மார்போடு அணைத்தாள். ஜெனி அசையவில்லை. கிளியும் அசையவில்லை. யாரோ இரண்டு விரலால் பிடித்தது போல, அந்தச் சிவப்பு இறகு மட்டும் மெல்ல வளைந்தது.