சேவல் நின்ற மணவறை

நாகைப்பட்டினத்துக் கழிமுகத்தில் அந்திச் செவ்வொளி மங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதி நங்கூரமிட்டு நின்ற மரக்கலங்களின் பாய்மரங்களையெல்லாம் வெள்ளியாய் மெழுகிக்கொண்டிருந்த அவ்வேளையில், துறைமுகக் காவல் தலைவன் ஏறன் சாத்தன் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. சீன வணிகர் லியாங்கின் மாளிகை மாடத்திலிருந்து வந்த பெண்ணின் அழுகுரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, அழுதவள் அவ்வணிகரின் மகள் யூலான்; நாகையிலேயே பிறந்து வளர்ந்தவள்; சாத்தனின் உயிருக்கு உயிரானவள். அவளுக்கு மணம் பேசுகிறார்கள், இனி மாடத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள் என்று தெரிந்த அன்றே, "வேண்டாத மணமென்றால் வாய்விட்டு அழு. படகோடு வந்து நிற்பேன்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆகவே அழுகை கேட்டதும் அவன் கை தானாக வாளைத் தொட்டது.

"பொறுங்கள், தலைவரே" என்று தடுத்தான், சீன தேசத்துக்குப் பலமுறை போய்வந்த மாலுமி கூத்தன். "மணத்துக்கு முன் பெண் அழுவது அவர்கள் வழக்கம். அழாதவளைப் பெற்றோர்மேல் பாசமில்லாதவள் என்று ஊரே ஏசும். நீங்கள் பாட்டுக்கு உள்ளே புகுந்து அந்தப் பெண்ணின் மானத்தை வாங்கிவிடாதீர்கள்."

சாத்தன் நின்றுவிட்டான். போர்க்களத்தில் ஒருநாளும் தயங்காத அந்த அசட்டுப் பிள்ளை, இங்கே வந்து யோசித்தான். அவள் மனம் மாறியிருந்தால் என்ன செய்வது என்று அஞ்சினான்.

அழுகை ஓய்ந்து மேளம் முழங்கிய பிறகே, மணவிருந்துக்கு அழைக்கப்பட்ட அதிகாரியாய் அவன் உள்ளே நுழைந்தான். செம்பட்டு முகத்திரையோடு யூலான் நின்றாள். அவளருகே மணமகன் இல்லை. சிவப்புத் துணி கட்டிய சேவல் ஒன்றைப் பணியாள் ஒருவன் ஏந்தி நின்றான்.

"மாப்பிள்ளை எங்கே, ஐயா?"

லியாங் தலைகுனிந்தார். "அவர் வந்த கப்பல் கடாரத்துக்கு அப்பால் மூழ்கிவிட்டது, தலைவரே. ஆனாலும் நான் வாக்குக் கொடுத்தவன். இல்லாத மாப்பிள்ளைக்குப் பதில் சேவலை நிறுத்துவது எங்கள் முறை. வானையும் மண்ணையும் முன்னோரையும் வணங்கியாயிற்று. இனி அவள் அந்த வீட்டு மருமகள். இன்றே கப்பலேறிப் போய், இறந்தவர் பெயர் எழுதிய பலகைக்கு விளக்கேற்றி வாழ்வாள்."

லியாங் மற்ற விருந்தினரிடம் நகர்ந்ததும் சாத்தன் யூலானின் அருகே சென்றான். திரைக்குப் பின்னிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நான் அழுதது தங்களுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது, யூலான். வழக்கம் என்று நினைத்தேன்."

"முதலில் வழக்கத்துக்குத்தான் அழுதேன். பிறகு இந்தச் சேவலைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கப்புறம் அழுததெல்லாம் தங்களைக் கூப்பிட்டுத்தான்."

"கப்பலை நிறுத்துகிறேன். துறை என் கையில் இருக்கிறது."

"வேண்டாம். வணங்குமுன் வந்திருந்தால் தங்களோடு ஓடியே வந்திருப்பேன். வணங்கிவிட்டேன். இனி நான் வந்தால் என் தந்தை யார் முகத்திலும் விழிக்க முடியாது. வழிவிடுவதாக ஆணையிட்டுச் சொல்லுங்கள்."

வாளைத் தொட்டு ஆணையிட்டான் அவன்.

அவ்விரவு, கழிமுகத்தை மறித்துக் கட்டிய துறைச் சங்கிலியை இறக்கச் சொன்னவனும் அவனேதான். செம்பட்டுத் திரையோடு அவனைக் கடந்து அவள் கப்பலேறினாள். ஒருமுறையாவது திரும்புவாள் என்று கரையிலேயே நின்றான். அவள் திரும்பவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் திரும்பிப் பார்க்கலாகாது என்றும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டோ என்னவோ. கூத்தன் பக்கத்தில்தான் நின்றான். சாத்தன் அவனிடம் கேட்கவில்லை.