துரை விழுங்கிய குன்றிமணி

“இந்த எலிக்கு ஒரு கண்ணு வச்சுத் தர முடியுமா?”

தையல் மிஷினின் சக்கரம் நின்றது. விக்டர் நிமிர்ந்து பார்த்தான்... பார்த்தவன் பார்த்தபடியே இருந்துவிட்டான்.

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடை வாசலில் சொட்டச் சொட்ட ஒரு பெண். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு துளி இறங்கி, இமையில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே அந்தக் கண்கள்... அவற்றை இத்தனை பக்கத்தில் பார்த்த பிறகு எந்தத் தையல்காரனுக்கு ஊசியில் நூல் கோக்க வரும்?

அவளை விக்டருக்குத் தெரியும். ஃப்ளோரன்ஸ் டீச்சர். சாந்தோம் கோயிலில் ஞாயிறுதோறும் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசை. இரண்டு வருஷமாக அவளது முக்காட்டின் பின்பக்கத்தையே பார்த்துப் பூசை கேட்டவன் அவன். பாவம், அவளுக்குத்தான் இவனைத் தெரியாது.

“இன்னா எலிங்க?”

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். சாம்பல் நிறத் துணி எலி. வால் கடிபட்டு, ஒரு காது தொங்கி... இடது கண் இல்லை.

விக்டருக்குச் சுருக்கென்றது. அவன் தைத்த எலி! போன மாதம் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த கோயில் பஜாருக்கு, கோட்டுத் துணி மிச்சத்தில் தைத்துப் பெயர் சொல்லாமல் கொடுத்தது.

“பஜார்ல வாங்கினேன். இது இல்லாட்டி எங்க துரைக்குப் பொழுதே போகாது.”

துரையா? விக்டரின் மனசு பொசுக்கென்று போயிற்று. அது யாரு துரை? கல்யாணம் ஆயிடுச்சா?

“துரைன்னா எங்க பூனைங்க!” அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். “வெள்ளைக்காரத் துரைங்க மாதிரி செம்பட்டை முடி, நீலக் கண்ணு, யார் சொன்னாலும் கேக்கமாட்டான். வேற என்ன பேர் வைக்கறது?”

அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

“அந்தக் கண்ணு... எங்க?”

“தேடினேன், கெடைக்கல. முழுங்கியிருப்பான் திருட்டுப் பய. கண்ணாடி மணிதானே?”

கண்ணாடி மணியா! சிவப்பும் கறுப்புமாய் அழகாக இருக்கிறதே என்று வேலியிலிருந்து பறித்து வந்த குன்றிமணி அல்லவா அது. துளைத்துத் தைக்கச் சோம்பல்பட்டு வஜ்ரப் பசை போட்டு ஒட்டியிருந்தான். குன்றிமணி நொறுங்கினால் மாட்டையே சாய்க்கும் விஷம் என்று ஊருக்கே தெரியும். பூனை எம்மாத்திரம்!

‘ஆமாங்க, கண்ணாடி மணிதான்’ என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். எலியைத் தைத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு எலியை வாங்க அவள் திரும்ப வருவாள், மறுபடி இதே போலச் சிரிப்பாள்... அடடா, அந்தச் சிரிப்பு!

“டீச்சரம்மா... அது குன்றிமணி. இந்த எலியைத் தெச்சதே நான்தான்.”

சிரிப்பு அப்படியே அணைந்துபோயிற்று.

“குன்றிமணியா? பூனையும் கொழந்தையும் வாயில வைக்கற பொம்மையிலயா? உங்களுக்குப் புத்தின்னு ஒண்ணு இருக்கா?”

“இல்லீங்க. அப்பால நல்லாத் திட்டுங்க. பூனை இப்ப எப்பிடி கீது?”

“காலையிலேர்ந்து சுருண்டு படுத்திருக்கான். மழைக்குத்தான்னு நெனச்சேன்...” அவள் குரல் உடைந்தது.

விக்டர் குடையை எடுத்தான். கடைக் கதவைச் சாத்தினான்.

அவள் வீட்டுக்குப் போய் துரையைக் கூடையில் போட்டுக்கொண்டு, கச்சேரி ரோட்டில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கரீமுல்லா சாயபுவிடம் ஓடினார்கள். இருந்த ஒரு குடையும் கூடைக்கே சரியாகப் போயிற்று. இருவரும் நனைந்தார்கள். அவள் தோள் அவன் தோளில் பட்டபோதெல்லாம் விக்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு உயிர் ஊசலாடும்போது என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சாயபு பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார்.

“மணியிலே ஊசி ஓட்டை போட்டியா?”

“இல்லே சாயபு. வஜ்ரம் போட்டு ஒட்டினேன்.”

“நல்லவேளை. அதுக்குத் தோலு கெட்டி. முழ்சா போனா முழ்சா வரும். கடிச்சு நொறுக்கியிருந்தா...” சாயபு மேலே பார்த்தார். “மூணு நாள் பாரு பேட்டி, பாரு மகளே. பால் குடு. பூனை வெளிக்குப் போற சாம்பல் தொட்டியைக் கிளறிப் பார்த்துக்கினே இரு.”

வீட்டு வாசலில் ஃப்ளோரன்ஸின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் வழியை மறித்து நின்றார்.

“கத்திரி பிடிக்கத் தெரிஞ்சா போதுமாப்பா? பொம்மைக்கு எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாதுன்னு தெரிய வேணாம்? படியேறாதே. அங்கேயே நில்லு!”

பக்கத்தில் நின்ற ஃப்ளோரன்ஸ் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையோடு உள்ளே போய்விட்டாள். அதுதான் அவனுக்கு வலித்தது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையும் மாலையும் விக்டர் மழையில் கேட்டுக்கு வெளியே நின்றான். ஃப்ளோரன்ஸ் ஜன்னலைத் திறந்தாள்.

“எப்பிடி கீது?”

“இருக்கான்.”

“வந்துச்சா?”

“இல்லை.” ஜன்னல் மூடிக்கொண்டது.

கடையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. பூனை பிழைத்தால், அது பயமில்லாமல் விளையாட ஏதாவது செய்து கொடுத்துவிட வேண்டும். பிழைக்காவிட்டால்...? அந்தப் பக்கம் யோசிக்கவே பயந்து கையில் துணியை எடுத்தான். பொத்தான் வேண்டாம், பிய்த்துவிடும். நூல் தொங்கவே கூடாது, குடலைச் சுற்றும். கோழி இறகு? காம்பு தொண்டையில் குத்தினால்? சாயத் துணி? நக்கினால் என்ன ஆகுமோ! கடைசியில் சாயம் போடாத காடாத் துணியில், பூனை வாய்க்குள் போகாத அளவுக்கு ஒரு பந்து தைத்தான். இரட்டைத் தையல். பிரிகிறதா என்று பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். ரவிக்கை தைக்க வந்த ஒரு அம்மாள் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, துணியைக் கொடுக்காமலே திரும்பிப் போனாள்.

பக்கத்து ஓட்டல் பூனை பந்தை முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. விக்டர் அலுத்துப்போய், தீர்ந்துபோன நூல் கட்டையை உருட்டிவிட்டான். வெறும் மரம். அது கோணல்மாணலாக ஓட... பூனை பாய்ந்ததே ஒரு பாய்ச்சல்! துரை இனிமேல் இப்படிப் பாயுமா?

வெள்ளிக்கிழமை ஜன்னல் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருந்தது.

“வந்துச்சாங்க?”

“அது... இன்னும் தெரியல. சாயங்காலம் வந்து கேளுங்க.” கொஞ்சம் தயங்கி, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

எங்கே சாப்பிடுவது! மாலையிலும் அதே பதில்தான்.

சனிக்கிழமை மாலை. மூன்றாம் நாள். பந்தையும் நூல் கட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போனான். ஜன்னல் சாத்தியிருந்தது. போயிடுச்சு... பூனை போயிடுச்சு! வாத்தியார் போட்ட தடையெல்லாம் மறந்துபோய் இரண்டு படி ஏறிக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தவர் வாத்தியார். அவர் காலைச் சுற்றிக்கொண்டு, வாலை உயர்த்தியபடி, சாட்சாத் துரை!

“என்ன தம்பி, முகம் இப்படிச் செத்துப்போயிருக்கு? அந்த மணி வியாழக்கிழமை ராத்திரியே முழுசா வந்துடுச்சே. எங்க ஃப்ளோரன்ஸ் பாப்பா சொல்லலையா?”

விக்டர் அந்தப் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். பை சரிந்து நூல் கட்டை உருண்டது. துரை அதன் பின்னாலேயே கூடத்துக்குள் பாய்ந்தான். “அடேய், தரையில என் மூக்குக் கண்ணாடி!” என்று வாத்தியாரும் பின்னால் ஓடினார்.

உள்ளிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் இவனைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல டீச்சரம்மா! ஏன் சொல்லல?” நிஜமாகவே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் தலை குனிந்தாள்.

“நீங்க அன்னிக்குக் கண்ணாடி மணின்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். தப்பிக்கல. நான்தான் பொய் சொல்லிட்டேன். மணி வந்துடுச்சுன்னு சொன்னா... அப்புறம் நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?”

விக்டருக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கண்கள் மெல்ல நிமிர்ந்தன. இந்தத் தடவை இமையில் இருந்தது மழைத்துளி இல்லை.

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும்... உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுங்களா?” என்றான், குரல் நடுங்க.

“நாளைக்கே ஞாயித்துக்கிழமைதான்,” என்றாள் ஃப்ளோரன்ஸ்.