நாற்பதுக்கு மேல்

சுவரில் எண் மறுபடி இறங்கியது. 38.

"சிரிம்மா தர்ஷிணி. கொஞ்சமாச்சும் சிரி" என்று கெஞ்சினான் கணவன் லோகேஷ்.

தர்ஷிணி பல்லைக் காட்டினாள். 37.

அவள் தோளுக்குக் கீழே பதித்திருந்த மிளகளவு நலமானியை ஏமாற்ற முடியாது. நாடி, வலி, தூக்கம் எல்லாவற்றையும் ரத்தத்தில் படிக்கும். வீட்டுப் பேச்சையும் கேட்கும். இவள் வாழ்வது வாழ்க்கைதானா என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டுச் சுவரில் காட்டும். ஊசி நாளன்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் ஊசி கிடையாது. நோயாளியை வீணாக வதைக்கக் கூடாதாம். 2059-ன் கருணைச் சட்டம்!

இடது மார்பை எடுத்தாயிற்று. ஐந்து ஊசி முடிந்தது. கடைசி ஊசி நாளைக் காலை. அதையும் போட்டால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லோகேஷ் ஓடிப்போய் மல்லிகைப் பூ வாங்கி வந்தான். அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, பூவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். 35.

ரசம் சாதம் பிசைந்து வந்தான். "ஊட்டி விடட்டுமாம்மா?"

34.

"யோவ்! இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாய் தண்ணி மோந்து குடுத்திருக்கியா? நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?"

ஆபரேஷனிலிருந்து அவன் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ வெச்ச ரசத்தைக் குடிச்சு நான் சாகலல்ல? என் ரசத்துல நீயும் சாக மாட்ட. குடிடி!"

"என் ரசத்தையா சொன்ன? உங்கம்மா வெச்சாங்களே, அதுக்குப் பேரு கழனித் தண்ணி!"

41.

"எங்கம்மாவை இழுத்த, நடக்கிறதே வேற!"

49. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தத் தெருவுக்கே பழக்கமான சண்டை, ஆறு மாதத்துக்குப் பிறகு. 56!

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். லோகேஷ் அழுதுகொண்டே சிரித்தான்.

"நாளைக்கும் சண்டை போடுவோம்டி."

மறுநாள் ஊசி வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அழைப்பு மணி அடித்தது. இரண்டு காக்கிச் சீருடைகள்.

"நோயாளியை மிரட்டியிருக்கீங்க. பதினேழு தடவை கத்தியிருக்கீங்க. பத்து நாள் வீட்டுப் பக்கமே வரக் கூடாது."

"சார், எண் ஏறியிருக்கு பாருங்க சார்!"

"எண் பார்க்கிறது மருத்துவப் பிரிவு. நாங்க குரல் பிரிவு."

இழுத்துக்கொண்டு போனார்கள். வீடு அமைதியானது. 39.

'கணவர் இல்லாத குறைக்கு மாற்றுக்குரல் இயக்கப்படுகிறது' என்றது சுவர். பிறகு லோகேஷின் குரலிலேயே, தேன் ஒழுகக் கேட்டது.

"சாப்பிட்டீங்களா, தர்ஷிணி?"

36.

"யோவ், ஒரே ஒரு தடவை 'டி' போட்டுக் கூப்பிடுய்யா."

"மன்னிக்கவும். அந்தச் சொல் உங்கள் நலன் கருதி நீக்கப்பட்டுள்ளது."

29.

கீழே ஊசி வண்டியின் சத்தம் கேட்டது. வாசலில் கொஞ்சம் வேகம் குறைந்து, நிற்காமல் போய்விட்டது.