சுரங்கத்தில் கூப்பிட்டவர்

சாவையும் வென்ற காதல் ஒன்று இந்த மலைநாட்டில் உண்டென்றால், அது தோன் எவரிஸ்தோ தன் மனைவி ஹசிந்தாமேல் வைத்த காதல்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. ஊர் என்று இங்கே சொல்வது தோன் எவரிஸ்தோவை.

அவர் கல்லீரல் வீங்கிக் கிடந்தபோது, பிழைத்தால் புனிதர் சான் ரோக்கே கோயிலுக்கு வந்து வாசலிலிருந்து பீடம் வரை முட்டிக்காலிலேயே போவதாக ஹசிந்தா நேர்ந்துகொண்டாள். அவர் பிழைத்தார். அடுத்த வருஷம் கூட்டிப்போகிறேன் என்று பதினோரு வருஷம் சொன்னார். பன்னிரண்டாம் வருஷம் அவள் செத்துப்போனாள்.

அன்றிலிருந்து வீட்டு நடையில் விடியற்காலையில் அவளுடைய செருப்புச் சத்தம். சரக், சரக். நேர்த்திக்கடனை முடிக்காத உயிர் நடந்துகொண்டேதான் இருக்கும். யாராவது பேர் சொல்லிக் கூட்டிப்போய்ப் புனிதர் காலடியில் விட்டுவர வேண்டும்.

ஆகஸ்டுத் திருவிழாவில் போனால், ‘தோன்’ என்று மரியாதையாகக் கூப்பிடப்படும் பெரிய மனிதர் முட்டிக்கால் போடுவதை நாலுபேர் பார்ப்பார்கள். அதனால் பிப்ரவரியில் போனார். காற்சட்டைக்குள் முழங்காலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்.

தோண்டிய வெள்ளியெல்லாம் தீர்ந்து காலியான அந்தக் கோயில் ஊருக்குள் போகப் பழைய சுரங்கம் ஒன்றுதான் வழி. அதன் வாயில் சோள அடை சுட்டு விற்கும் தோன்யா எலோதியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் கேட்டாள்.

“உசுரோட இருக்கறப்ப கூட்டியாந்திருந்தா பஸ்ஸுலயே வந்திருப்பா, பாவம்,” என்றாள். பிறகு குரலை இறக்கினாள். “போறப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. திரும்பி வர்றப்ப வாயையே தொறக்காதீங்க, தோன். உள்ள செத்தவங்க நெறைய. யாராச்சும் கூப்பிட மாட்டாங்களான்னு கெடக்கறாங்க.”

“வா, ஹசிந்தா, போலாம்,” என்றார் அவர், எலோதியாவுக்குக் கேட்காதபடி.

உள்ளே ஈரக்கல் வாடை. அணைந்த மெழுகுவர்த்தி வாடை. எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது முப்பது அடி போனதும் பின்னால் சரக், சரக்.

அவர் திரும்பவில்லை. வழியெல்லாம் சொல்வதற்கென்று ஓர் உரை தயாரித்து வந்திருந்தார். இரண்டாம் வரியில் மறந்துபோனது. மிச்ச தூரம் வீட்டுக்கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அவர் நின்ற இடத்தில் செருப்பும் நின்றது.

கோயிலில் ஈ காக்கை இல்லை. பாதி தூரத்திலேயே பஞ்சு நழுவிக் கெண்டைக்காலுக்குப் போய்விட்டது. வெறும் முட்டி கல்லில் தேய ஊர்ந்து பீடத்தைத் தொட்டார்.

“கொண்டாந்து விட்டுட்டேன்,” என்றார்.

செருப்புச் சத்தம் அவரைத் தாண்டிப் போனது. பீடத்தருகே நின்றது.

அப்புறம் ஒன்றுமில்லை.

பாரம் இறங்கியதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை.

திரும்பும்போது சுரங்கத்தில் தன் காலடியை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். நடுச் சுரங்கத்தில், முன்வாயின் வெளிச்சமும் தெரியாமல் பின்வாயின் வெளிச்சமும் தெரியாமல் நின்றார். வீடு நினைவுக்கு வந்தது. நாளை விடியற்காலையில் அந்த நடையில் எந்தச் சத்தமும் இருக்காது.

“வா,” என்றார். பேரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “வா, போலாம்.”

நீர் சொட்டுவது நின்றது.

இடப்பக்கப் பொந்தில் ஏதோ எழுந்து நின்றது.

செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால். ஈரமான, கனத்த வெறுங்கால், ஒன்றை இழுத்து இழுத்து.

அவர் ஓடவில்லை. ஓட முட்டி விடவில்லை. பின்கழுத்தில் துருப்பிடித்த இரும்பு வாடை அடிக்க, அடி அடியாக வெளியே வந்தார்.

எலோதியா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், அவர் தலைக்கும் மேலே பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“யாரைக் கூட்டியாந்திருக்கீங்க, தோன்?” என்றாள் மெல்ல. பதிலுக்கு நிற்காமல் கடைப்பலகையைச் சாத்தினாள்.

ஹசிந்தா இப்போது நிம்மதியாக இருக்கிறாள். அவள் செருப்பு கேட்பதே இல்லை. நடையில் விடியற்காலைதோறும் ஈரத்தடம், ஒரு முழ நீளம், வலதுகால் மட்டும் முழுசாகப் பதிந்து, சமையலறை வரை வந்து நிற்கிறது.

அது யார் என்று தோன் எவரிஸ்தோவுக்குத் தெரியாது. தினமும் இரண்டு கோப்பை காப்பி போடுகிறார்.