கல்கூர்லிச் சூடு

றெனோல்டின் கட்டில் இடுப்பளவு உயரத்தில் நின்றது. நான்கு கால்களுக்குக் கீழேயும் சீமெந்துக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாமல் இருக்கக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தான். ஏறிப் படுப்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏணி. பயணப்பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் றெபேக்கா அறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பாம்புக்குப் பயந்தோ என்று கேட்டாள். அண்ணன் தேத்தண்ணி போடுறன் என்றபடி குசினிக்குள் போய்விட்டான்.

மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது வெளிக்கிட்டவள், விமானம் மாறி விமானம் மாறி, அவுஸ்திரேலியாவின் இந்தக் கோடை வெயிலுக்குள் வந்து இறங்கியிருந்தாள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு செய்வதுதான் அவளுடைய வேலை. மற்றவர்கள் எழுந்து போன ஆசனங்களைத் துடைத்துத் துடைத்தே இடுப்பு நாரி விட்டுப்போனவள். வேலையில் லீவு கேட்டு, கணவன் பற்றிக்கைத் தனியே விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தது அண்ணனுக்காக. படகில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் கல்கூர்லி என்ற இந்தப் பழைய தங்கச் சுரங்க நகரத்தில் நிலத்துக்கடியில் லொறி ஓட்டியவன் அவன். போன வருடம் திடீரென்று வேலையை விட்டான். அதற்குப் பிறகு தொலைபேசியில் அவன் குரல் மெலிந்துகொண்டே போனது. ஒருநாள், "ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை" என்றான். அவன் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவன் இல்லை.

அன்று பின்னேரம் ஊரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். ஒட்டக வண்டிகள் திரும்புவதற்காக அந்தக் காலத்தில் அவ்வளவு அகலமாகப் போட்ட தெரு. இருபக்கமும் இரும்புப் பூவேலை செய்த மேல்மாடி விறாந்தைகளோடு பழைய ஹோட்டல்கள். அவற்றின் சுவர்களிலும் கார்களிலும் மனிதர்களின் சப்பாத்துகளிலும் ஒரே சிவப்புப் புழுதி. நகரத்தின் விளிம்பில் ஒரு வேலியோடு நிலம் முடிந்தது. வேலிக்கு அப்பால் ஒரு மலையைத் தலைகீழாகப் புதைத்து எடுத்ததுபோல் பெரும் பள்ளம். அதன் அடியில் லொறிகள் எறும்புகளாக ஊர்ந்தன. வெடி வைத்தபோது சத்தத்துக்கு முன் அதிர்வுதான் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வரை ஏறி நின்றது. உல்லாசப் பயணிகள் சிரித்தபடி படம் எடுத்தார்கள். றெனோல்ட் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். இந்த ஊரின் கீழே எல்லாம் ஓட்டைதான் என்றான். நூறு வருடத்துக்கு முன்னால் தோண்டியவர்கள் விட்டுப்போன சுரங்கங்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் முழுதாகத் தெரியாதாம். விட்டுப்போனார்களா, உள்ளேயே விடப்பட்டார்களா என்று அவள் சும்மா கேட்டாள். அவன் காரை நோக்கி நடந்தான்.

அடுத்த நாள் மத்தியானம்தான் அது நடந்தது. நேரம் மாறிய உடம்பு, வெயில் உச்சியில் நிற்கும்போது நித்திரையைக் கேட்டது. றெனோல்ட் கடைக்குப் போயிருந்தான். ஹோலில் விரித்திருந்த மெத்தையில் அவள் சரிந்தாள். தகரக் கூரை சூட்டில் நெளிந்து முறியும் சத்தம், மூடிய திரைச்சீலைக்கு இடையால் தரையில் விழுந்த ஒரு கோடு வெளிச்சம், பலகைகளின் இடுக்கிலிருந்து வந்த காய்ந்த மண்ணின் வாசனை, அதற்குள் எங்கோ தீக்குச்சி உரசியதுபோல் ஒரு நெடி. எல்லாம் ஒன்றாகக் கலந்து அவளைக் கீழே இழுத்தன. அரைத்தூக்கத்தில் யாரோ தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக. அண்ணன் கதவுத் திறப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். மறுபடியும் தட்டியது. எழும்ப முடியவில்லை. கண்ணைத் திறக்காமலே, "ஓம், வாங்கோ" என்றாள்.

தட்டுவது நின்றது. கதவு திறக்கவில்லை. கன்னத்துக்குக் கீழே, மெத்தைக்குக் கீழே, பலகைக்கும் கீழே ஏதோ ஒன்று மெல்ல இடம் மாறிப் படுத்ததுபோல் இருந்தது. அவள் நித்திரையாகிப்போனாள்.

இரவுச் சாப்பாட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். றெனோல்டின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னனீ?"

"வாங்கோ எண்டனான். நீங்கள் எண்டு நினைச்சு."

அவன் அவளைப் பார்த்தான். பயந்த முகம் என்றுதான் முதலில் நினைத்தாள். அது பயம் இல்லை. பாரம் சுமந்து நடந்தவன் இறக்கிவைக்க ஒரு திட்டைக் கண்ட முகம். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். அன்றிரவு ஏணியில் ஏறவில்லை. அவளுக்குப் பக்கத்தில், வெறும் பலகைத் தரையில் ஒரு சாரத்தை விரித்து, படுத்த உடனேயே குறட்டை விட்டான். விடிந்தபின், கற்களை எல்லாம் வெளியே கொண்டுபோய்ப் போட்டான்.

மிச்ச நாட்கள் நல்ல நாட்கள். அவன் சமைத்தான், பகிடி விட்டான், ஞாயிற்றுக்கிழமை அவளோடு பூசைக்கு வந்து பின்வரிசை வாங்கில் இருந்தான். தன் வருகைதான் அண்ணனைத் தேற்றியது என்று அவள் நம்பினாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்தவன் விடாமல் நின்றான். விட்டபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது குளிர் கொடூரமாக இருந்தது. அவர்கள் இருந்தது இல்-பிசாரில் ஒரு தனிவீட்டின் பேஸ்மென்ற்றில். மேலே இருந்த வீட்டுக்காரக் கிழவர் பனிக்காலம் முழுக்கப் புளோரிடாவுக்குப் போய்விடுவார். பஸ் எப்போதாவதுதான் வரும். பற்றிக்குக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கும் வேலை. இருவருக்கும் வேறு வேறு நேரங்கள். சந்தித்துக்கொள்ளும்போது யாராவது ஒருவர் நித்திரையில் இருப்பார்.

குளிக்கிற அறைக்குப் போகும் வழியில் தரை சூடாக இருந்ததை முதலில் கவனித்தது பற்றிக்தான். நல்லதுதானே என்றான். கிழவர் போகமுதல் கீழே ஹீற்றர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவுகட்டி, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நின்று பாதங்களைக் காய வைத்தான். றெபேக்கா குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். கொன்கிறீற் வெயிலில் கிடந்த கல்லைப்போல் சுட்டது. சின்னச் சன்னலுக்கு வெளியே கண்ணாடியின் பாதி உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. அவள் கையை எடுத்து முகர்ந்தாள். தீக்குச்சி நெடி.

ஒரு கிழமைக்குள் அந்தச் சூடு குசினி வரை பரவியது. மாலை நாலரைக்கே இருண்டுவிடும் அந்த நாட்களில் வேலையால் வந்து, உடுப்பை மாற்றாமலே கதிரையில் இருந்து, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம், மேலே ஆளில்லாத வீட்டில் மரம் சுருங்கும் சத்தம். அவை எல்லாம் ஓய்ந்த இடைவெளியில், கீழே, வெகு கீழே, யாரோ தட்டினார்கள். மெதுவாக. மரியாதையாக. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அண்ணனுக்கு எடுத்தாள். கல்கூர்லியில் அப்போது காலை. பறவைகளின் சத்தம் கேட்டது. அவன் குரல் தெளிவாக, நன்றாக நித்திரை கொண்டவனின் குரலாக இருந்தது. குளிரைப் பற்றி விசாரித்தான். பற்றிக்கைப் பற்றி விசாரித்தான். அவள் எதையும் சொல்லத் தொடங்குமுன் அவனே நிறுத்திவிட்டு, மெல்லக் கேட்டான்.

"நிலம் சுடுதோ பிள்ளை?"

"ஓம்."

"அப்ப கிட்ட வந்திட்டினம்." பறவைகள் கத்தின. "தட்டினால் ஒண்டும் சொல்லாதை. பற்றிக்கிட்டயும் சொல்லி வை. நான் ஒரு வருசம் பொறுத்தனான். எனக்கு ஏலாமல் போச்சுது. நீ வாங்கோ எண்டாப்பிறகுதான் என்னை விட்டவை."

வந்திட்டினம் என்றா சொன்னீர்கள், யார் அவர்கள் என்று அவள் கேட்டபோது தொடர்பு இருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை எடுத்தும் அவன் பதில் தரவில்லை.

அன்றே பற்றிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவள் தலையைத் தடவிவிட்டு, "உமக்கு நித்திரை காணாது. பேந்து ஆறுதலாய்க் கதைப்பம்" என்றான். அந்தச் சத்தத்தைத் தானும் கேட்டதாகவும், அது கொதிகலன் என்றும் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கண்கள் மூடின. பங்குத்தந்தையைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கலாம் என்று அவள் நினைத்தாள். எங்காவது மாறிப்போகலாம் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் ஓய்வுநாள் வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒன்றாக ஓய்வுநாள் அமைய இன்னும் பல நாட்கள் இருந்தன. அதுவரை வேலைக்குப் போனார்கள். வந்தார்கள். தட்டுவது ஒரு இடத்தில் இல்லை இப்போது. குசினியில் ஒன்று. கட்டிலுக்கு அடியில் ஒன்று. கதவடியில் ஒன்று. ஒருவர் நிறுத்த மற்றவர் தொடர்ந்தார். அவள் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, உதடுகளைக் கடித்துக்கொண்டு படுத்தாள். நித்திரையில் தான் வாய் திறந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய பயம். தன்னைப்பற்றி மட்டும்தான் பயந்தாள்.

வியாழக்கிழமை பனிப்புயலால் விமானங்கள் நின்றன. வேலையிலிருந்து நேரத்தோடு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்கால் பனிக்குள் நடந்து வீட்டுக்கு வந்தாள். இன்னும் ஐந்து மணி ஆகவில்லை. நல்ல இருட்டு. வீட்டைச் சுற்றிச் சுவரோரமாக மட்டும் பனி இல்லை. புல் தெரிந்தது. ஈரமான, கறுத்த புல். அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். படிகளில் வெக்கை ஏறி வந்து முகத்தில் அடித்தது. ஒரு சத்தமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிகூட முனகவில்லை.

தட்டவில்லை. ஒருவரும் தட்டவில்லை.

"பற்றிக்?"

ஹோலின் இருட்டிலிருந்து அவன் குரல் வந்தது. தூக்கத்தில் குழைந்த, அன்பான குரல்.

"வந்திட்டீரே. லைற்றைப் போடாதையும். அவைக்குக் கண் கூசுமாம்."

அவள் படியிலேயே நின்றாள். கை தானாகச் சுவரைத் தடவியது.

"ஆருக்கு? பற்றிக், ஆருக்கு?"

"பாவங்கள். கனகாலமாம் கீழ கிடக்கினம்." அவன் கொட்டாவி விட்டான். "ஒருக்காக் கையைத் தந்து தூக்கிவிடச் சொல்லிக் கேட்டவை."

அவள் விளக்கைப் போட்டாள்.

பற்றிக் தரையில் பக்கவாட்டில் படுத்திருந்தான். வேலை உடுப்போடு. கன்னம் கொன்கிறீற்றில் பதிந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் களைத்துப்போனவனின் சிறிய சிரிப்பு. வலது கையைக் காணவில்லை. அவள் இன்னொரு படி இறங்கினாள். கை இருந்தது. முழங்கைக்குக் கீழே தரைக்குள் இருந்தது. ஓட்டை இல்லை. வெடிப்பு இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டவன்போல, வழுவழுப்பான கொன்கிறீற் அவன் கையைச் சுற்றி மூடியிருந்தது.

ஓடி வந்து அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தாள். அவன் அசையவில்லை. கீழே யாரும் அவனை இழுக்கவுமில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

பிறகு, அவன் முழங்கைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து விரல்கள் வந்தன. சாம்பல் நிறம். நகங்கள் இல்லை. அவை அவன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தன. இறுக்கிப் பிடித்தன. பிடியை விட்டு, ஒரு சாண் மேலே, தோளில் பிடித்தன. அவசரமில்லாமல். ஏணியில் ஏறுகிறவர்களைப்போல.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டு வந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை.

அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.