ஏதோ ஒன்று படி ஏறுகிறது

நாயகனும் நாயகியும் படகில் போய்க்கொண்டிருந்தபோது திரையின் அடியில் சப்டைட்டில் வந்தது: [மாடிப்படியில் ஏறுகிறது.]

ரேமண்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது. படகில் ஏது மாடிப்படி? அதைவிட, ஏறுவது யார்? ஏறுகிறார் என்றோ ஏறுகிறாள் என்றோ இருக்க வேண்டாமா? தமிழில் பிழை கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் துணை மேலாளர். தம்போயில் இருந்த தன் வீட்டின் கீழ்த்தளப் பின்னறைக்கு 'ரேமண்ட் திரையகம்' என்று பித்தளைப் பலகை அடித்து மாட்டியிருந்தார். வீடு மந்திரிக்க வந்த பாதரை அடுப்படிக்கு முன்னால் அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனார்.

அது சாதாரண அறையில்லை. சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். கதவு, மீன் கிடங்குகளுக்குக் குளிரறைக் கதவு செய்து தருகிற பட்டறையில் சொல்லிச் செய்தது. சாண் கனம், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, வெளிப்பக்கம், அழுத்தினால் பூட்டிக்கொள்கிற நீளமான இரும்புக் கைப்பிடி. உள்பக்கம் முழுக்கச் சிவப்பு வெல்வெட். கைப்பிடி வைத்தால் தியேட்டர் லட்சணம் கெட்டுவிடும் என்று உள்ளே எதுவும் வைக்கவில்லை, தள்ளினால் திறக்கும். "உள்ள யானை பிளிறினாலும் வெளிய கேக்காது," என்று பங்குக் கோயிலின் அன்பியக் கூட்டத்தில் அறிவித்தபோது, செபஸ்தியன் மட்டும், "யானை எந்த வழியா உள்ள வரும், பிரதர்?" என்று கேட்டார். அவரை ரேமண்ட் அப்புறம் படத்துக்குக் கூப்பிடவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மாலையில் இன்டர்நெட்டில் பாதி பார்த்துக்கொண்டிருந்த படம் காணாமல் போனது. மறுநாள் தேடினால் இல்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். "அதெல்லாம் வாடகைப் படம். இனிமே படம் நம்ம வீட்டுல, நம்ம பெட்டிக்குள்ள. எதிர்காலம் அதுதான்," என்று பார்த்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தார். பிறகு பெட்டியும் வந்தது. ஆயிரக்கணக்கில் படம் கொள்ளும். எந்த அறையிலிருந்தும் வாயால் உத்தரவு போடலாம் என்று வீடு முழுக்க, கார் நிறுத்துமிடம் வரை, சட்டைப் பித்தான் அளவில் காதுகள். கேட்டதை அதுவே தமிழில் சப்டைட்டிலாக எழுதும்.

கேட்டதையெல்லாம் எழுதியதுதான் வேடிக்கை. படத்தில் கொலை நடக்கும்போது [மிஷேல் பாத்திரம் தேய்க்கிறார்] என்று வரும். அடுப்படியில் மகள் ஆட்ரி, "டேடி, லப்பார் லா," என்று சிணுங்கினால் திரையில் 'ஆட்ரி: தந்தையே, எனக்குப் பசிக்கிறது' என்று ஓடும். மனைவி மிஷேல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேமண்டுக்கோ பெருமை. ஆளென்றால் ஆள், பூனையென்றால் பூனை. திணை ஒருநாளும் தவறியதில்லை.

ஒருநாளும் தவறியதில்லை என்பது இப்போது, இருட்டில் உட்கார்ந்திருக்கையில், வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

காலையில் மிஷேல் வழக்கம்போலப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "சத்தமே வராத ரூம்ல உக்காந்துக்கிட்டு பிள்ளைய எப்படிப் பாத்துக்குவீங்க?"

"பெட்டிதான் எழுதிக் காட்டுமே."

"கதவச் சாத்தாதீங்க."

"சாத்தலன்னா அது தியேட்டர் இல்ல மிஷேல், ஸ்டோர் ரூம்."

"ஸ்டோர் ரூமாத்தானே இருந்துச்சு," என்றபடி அவள் போனாள். ஆறு வயது ஆட்ரி மதியம் சாப்பிட்டு மாடியில் தூங்கப் போனதும் ரேமண்ட் கதவைச் சாத்திக்கொண்டார்.

[மேல்படியில் நிற்கிறது.]

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வெளியே நல்ல வெயில். கண் கூசியது. தெருமுனையில் ஐஸ்கிரீம்காரர் மோட்டாரில் மணியடித்துக்கொண்டு போனார், பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிற நெடி, கொடியில் ஆட்ரியின் பள்ளிச் சீருடை ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சாதாரணமான பகலில் பயப்படுவதே அசிங்கம் என்று தோன்றியது. படியேறினார். பாதிப் படியில் ஒரு வாசனை. சவரம் செய்தபின் அவர் பூசுகிற திரவத்தின் வாசனை, ஈரம் காயாமல். சனிக்கிழமைகளில் அவர் சவரம் செய்வதில்லை. தாடையைத் தடவிப் பார்த்தார். சொரசொரத்தது.

ஆட்ரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். துணிகள்தான். மாடியில் வேறு யாரும் இல்லை. பெட்டிக்குத்தான் பைத்தியம், திங்கட்கிழமை கடைக்காரனைக் கிழிகிழியென்று கிழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்து இறங்கினார். கைபேசியை அறைக்கு வெளியே பிரம்புக்கூடையில் போட்டுவிட்டு வருவது திரையகத்தின் விதி. விதி போட்டவரே மீறலாமா? கூடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். ரப்பர் விளிம்பு காற்றை உறிஞ்சிக் கதவை மூடிக்கொண்டது. காது அடைத்தது.

நாயகி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

[ஆட்ரி மூச்சு விடுகிறாள்.]

நல்லது. நாற்காலியில் சாய்ந்தார்.

[அருகில் இன்னொன்று மூச்சு விடுகிறது.]

எழுந்திருக்க நினைத்தார். நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஏசி காற்று கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அது ஏசி காற்றுதானா என்று திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை.

[தொண்டையைச் செருமுகிறது.]

கூட்டத்தில் பேசுவதற்கு முன் அவரும் செருமுவார். மிஷேல் அதைச் செய்து காட்டிக் கேலி பண்ணுவாள்.

[குரலைத் தேடுகிறது.]

"படத்தை நிறுத்து," என்றார். படம் நின்றது. திரை கறுத்தது. எழுத்து மட்டும் நிற்கவில்லை.

'ஆ.'

'ஆட்.'

'ஆட்ரி.'

பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. வெறும் கறுப்பு. அப்புறம், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், வழக்கமான இடத்தில், வழக்கமான வெள்ளை எழுத்தில் வந்தது.

'ரேமண்ட்: எழுந்திரு, மகளே.'

துள்ளி எழுந்தார். இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடினார்.

[ரேமண்ட் படி இறங்குகிறார்.]

வெல்வெட்டில் கை பட்டது.

[ரேமண்ட் இரும்புக் கைப்பிடியை அழுத்துகிறார்.]

தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். சுவரை இடிப்பது போலத்தான் இருந்தது. வெல்வெட்டுக்கடியில் விரலால் தேடினார். பிடிக்க எதுவும் இல்லை. நகம் பெயர்ந்தது.

'ஆட்ரி: தந்தையே, படம் பார்க்கவில்லையா?'

'ரேமண்ட்: படம் முடிந்துவிட்டது.'

"ஆட்ரி," என்று கத்தினார். "அது நானில்லடா. டேடி இங்க இருக்கேன். போகாத."

[திரையகத்தில் ஏதோ கதவைப் பிறாண்டுகிறது.]

படித்தார். மறுபடி படித்தார்.

"மிஷேலுக்குப் போன் போடு," என்றார் பெட்டியிடம். "கேக்குதா? நான்தான். மிஷேலுக்குப் போடு."

[திரையகத்தில் ஏதோ ஊளையிடுகிறது.]

'ஆட்ரி: தந்தையே, உங்கள் கை குளிர்கிறது.'

'ரேமண்ட்: வெயிலில் சரியாகிவிடும். செருப்பைப் போட்டுக்கொள்.'

பிள்ளை சந்தேகப்படுவாள். படவேண்டும். கத்துவாள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள், ஓடி வருவார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

[ஆட்ரி சிரிக்கிறாள்.]

[கார் கதவு சாத்தப்படுகிறது.]

இடித்தார். உதைத்தார். தலையால் முட்டினார். வெல்வெட் ஈரமானது.

[கார் கிளம்புகிறது.]

[வீட்டில் ஆள் எவரும் இல்லை.]

கதவில் முதுகு தேய உட்கார்ந்தார். தொண்டை கிழிந்திருந்தது. எச்சிலை விழுங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, பெட்டிக்குப் புரிகிற மாதிரி தன் பெயரைச் சொன்னார்.

வெள்ளை எழுத்து மெல்ல எழுந்து, கறுப்பில் அப்படியே நின்றது.

[ஏதோ ஒன்று ஒரு பெயரைச் சொல்ல முயல்கிறது.]