நிலை வைக்காத வாசல்

கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு திரும்பும்போதுதான் மரிய கொறற்றி அதைக் கவனித்தாள். பாதியில் நிற்கும் புது அறையின் மூலையில், கம்பில் கட்டிவைத்திருந்த திருஷ்டிப் பொம்மையின் இடது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

நேற்று அப்படி இல்லை. குறுக்குத் தடியில் இரண்டு கைகளையும் அகல விரித்து, நுனியில் வைக்கோல் திணித்த கையுறைகளோடு, சாக்குத் தலையில் கரியால் வரைந்த முகத்தோடு வீதியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ரிவர்ஸ்டன் மலைப்பக்கமிருந்து மத்தியானம் முழுக்க அடித்த காற்றின் வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று ஒரு கையைக் கழற்றிவிடலாம், அதை எடுத்துப் பைக்குள்ளும் வைக்குமா என்று கேட்ட மனதை அதட்டி அடக்கிவிட்டு, முதல் தூறல் விழுந்ததும் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. பாரிசவாதம் வந்த பிறகு அவள் கணவர் ஒஸ்வல்ட் தன் செத்த இடது கையை வலது கையால் தூக்கி, காற்சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வார். "இந்தச் சனியன் சும்மா தொங்கிக்கிட்டு கிடக்கு" என்பார். பிறகு அவளைப் பார்த்து, ஒரு பக்க வாயால் மட்டும் சிரிப்பார்.

புது அறையே அவருக்காகத்தான். மலைச்சரிவு வீடு, கழிவறைக்கோ முற்றத்துக்குக் கீழே பதினான்கு படி இறங்கவேண்டும். இடது காலை இழுத்து நடக்கிற மனிதருக்குப் பதினான்கு படியும் பதினான்கு எமன்கள். கூடத்தை ஒட்டி ஓர் அறையும் உள்ளேயே கழிவறையும் கட்டிவிட்டால் மிச்ச காலத்தை அவர் மானத்தோடு கழிப்பார் என்று கொறற்றி ஆசைப்பட்டாள். வேலைக்குப் பிடித்த கொத்தனார் லெஸ்லி பாஸ் ஒரு காலத்தில் அவளிடம் ஞாயிறு மறைக்கல்வி படித்த பிள்ளை, பூசைக்கு மணி அடித்தவன். அந்த நம்பிக்கையில் அத்திவாரம் வெட்டிய அன்றைக்கே முழுக் காசையும் அவன் கையில் கொடுத்துவிட்டாள். வேலையைப் பார்த்துப் பார்த்துக் கொடு என்று ஒஸ்வல்ட் படித்துப் படித்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

பதினொரு நாள் வந்தான். நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பினான். கூடத்துச் சுவரை உடைத்து வாசல் திறந்தவன் நிலை வைக்கவில்லை. ஒரு தகரத்தைச் சாத்திக் கட்டுக்கம்பியால் முடிந்துவிட்டு, மழை இறங்காமல் அறைக்கு மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அதோடு சரி. பிறகு தொலைபேசியில் குரல் மட்டும்தான் வந்தது. லக்கலயில் ஒரு வேலை மாட்டிக்கிச்சு, பாதையில் யானை நிற்கிறது, மனைவிக்குச் சுகமில்லை, அந்தோனியார் மேல் சத்தியமாக நாளைக்கு வருகிறேன். நான்கு மாதமாக அந்த நாளை வரவே இல்லை.

பொம்மைக்குச் சட்டை கேட்டவனும் அவன்தான். அழுக்குக் கூடையிலிருந்து ஒஸ்வல்டின் மண்ணிறக் கட்டம்போட்ட சட்டையை அவள் உருவிக் கொடுத்தாள். "உயிரோட இருக்கிறவன் சட்டையையா குடுக்கிற? துவைச்சாவது குடு" என்று நாற்காலியிலிருந்து அவர் கிண்டல் செய்தார். அவசரத்தில் துவைக்காமலே கொடுத்தாள். அவருடைய வியர்வையும் வாத எண்ணெய் வாசமும் அப்படியே வைக்கோலுக்கு மேலே ஏறின.

"வேலை முடியிற அன்னைக்கு நானே இறக்கி எரிச்சிருவேன் டீச்சர்" என்றான் லெஸ்லி. "வச்ச கைதான் இறக்கணும். நடுவுல வேற யாரும் தொட்டுடாதீங்க."

அடுத்து நடந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மழை இரவில், அவளை எழுப்ப மனமில்லாமல் ஒஸ்வல்ட் தனியே இறங்கிப் போயிருக்கிறார். விடிந்து தேடிப்போனபோது ஒன்பதாவது படியில் கிடந்தார். வலது கை மேல்நோக்கி நீண்டிருந்தது. கொறற்றி யாருக்கும் சொல்லாத, பாவசங்கீர்த்தனத்திலும் வாய்விடாத ஒன்று இருக்கிறது. அன்றிரவு ஏதோ ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. தறப்பாள் அடித்துக்கொள்கிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். தறப்பாள்தானா? முப்பது நாளாக அவளை அரிப்பது இந்த ஒரு கேள்விதான்.

சவ அடக்கத்துக்கு வந்த லெஸ்லி பெற்ற மகளைவிடச் சத்தமாக அழுதான், பெட்டிக்குத் தோள் கொடுத்தான், முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னால் அறையை முடித்துத் தருவதாகச் சொன்னான். நாளைக்கு முப்பத்தோராம் நாள். கண்டியிலிருந்து மகள் பிரின்ஸி காலை பஸ்ஸில் வருவாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. மெழுகுதிரியை ஏற்றி மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மழை இரைச்சலுக்கும் தறப்பாளில் தேங்கிய நீர் சொட்டும் சத்தத்துக்கும் நடுவே, தகரத்துக்கு அந்தப் பக்கம், சீமெந்து பூசாத தரையில் ஒரு கால் ஊன்றியது. அதன் பின்னால் இன்னொன்று இழுபட்டது.

டக். சர்ர்.

பிறகு மழை மட்டும்.

தொலைபேசியை எடுத்து லெஸ்லியை அழைத்தாள்.

"அறை வேணாம் லெஸ்லி. குடுத்த காசும் வேணாம். நீ வந்து அந்தப் பொம்மைய மட்டும் இறக்கிடு. இப்பவே வா."

அவள் குரலில் இருந்தது அவனையும் தொட்டிருக்க வேண்டும். "ரத்தோட்டை டவுன்லதான் நிக்கிறேன் டீச்சர். அரை மணித்தியாலத்துல வந்துர்றேன். அந்தோனியார் மேல சத்தியம்."

நம்பினாள். இந்த முறையும் நம்பினாள்.

தகரத்துக்கு முதுகைக் காட்ட மனமில்லாமல் நாற்காலியை அதன் எதிரே இழுத்துப்போட்டு, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஈரப் பனிப்புகார் சன்னல் இடுக்கால் உள்ளே வந்தது. அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். புது அறைக்குள் கம்பு அசைவதும் முடிச்சு அவிழ்வதும் வைக்கோல் சரசரப்பதும் தெளிவாகக் கேட்டன. கொறற்றிக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. வந்துவிட்டான். கடைசியில் ஒரு சொல்லையாவது காப்பாற்றிவிட்டான்.

"லெஸ்லி, கவனம். அங்க வழுக்கும்."

கம்பு தரையில் விழுந்தது. மடியில் கிடந்த தொலைபேசி அடித்தது.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றான் லெஸ்லி. பின்னால் கடைத்தெருச் சத்தம். "கடைசி பஸ்ஸும் போயிருச்சு. நாளைக்கு காலையில கட்டாயம் வந்து இறக்கிடுறேன்."

தொலைபேசி கையிலிருந்து நழுவியது.

டக். சர்ர்.

நனைந்த வைக்கோல் வாசம். அதற்கு அடியில் வியர்வை. அதற்கும் அடியில் வாத எண்ணெய்.

டக். சர்ர்.

தகரம் மெல்ல அதிர்ந்தது. தட்டவில்லை. சாய்ந்துகொண்டது. மூச்சு வாங்க நிற்கிறவர் சாய்வதுபோல.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. படபடவென்று, ஈரமாக, வாய் ஒரு பக்கம் கோணியவர் பெயர் சொல்ல முயல்கிற சத்தம்.

கொறற்றி.

அன்றிரவு கேட்ட அதே சத்தம்.

தறப்பாள் இல்லை. தறப்பாள் இல்லவே இல்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளை எழுப்பி நடத்தியது. கட்டுக்கம்பியை அவிழ்த்தாள். விரல் கிழிந்தது. தகரம் சரிந்து விழுந்து மெழுகுதிரியை அணைத்தது.

தொலைபேசித் திரையின் மங்கிய வெளிச்சத்தில் மண்ணிறக் கட்டம்போட்ட சட்டை. மழையில் கரி கரைந்து இடப்பக்கம் வழிந்த சாக்கு முகம். பைக்குள் இடது கை. அவளை நோக்கி நீண்ட வலது கை.

"எழுப்பியிருக்கலாமேங்க" என்றாள் கொறற்றி, விம்மி விம்மி. "என்னைய எழுப்பியிருக்கலாமே."

கையுறையைப் பிடித்தாள். உள்ளே இருந்த வைக்கோல் ஒவ்வொரு விரலாக மடங்கி இறுகியது.

அது வீட்டுக்குள் வரவில்லை. திரும்பியது. குட்டைச் சுவரின் திறப்பைத் தாண்டி, மழைக்குள், படிப்பக்கம் அவளை நடத்தியது. பின்னால், இருட்டுத் தரையில் கிடந்த தொலைபேசி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நாளைக்கு டீச்சர். நாளைக்கு.

டக். சர்ர். ஒன்று.

டக். சர்ர். இரண்டு.

கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. எண்ணுவதையும் நிறுத்த முடியவில்லை.

ஒன்பதாவது படியில் அது நின்றது. சாக்குத் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. கரைந்த வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது.